குட்டி விமானத்தில் பூட்டாத கண்ணாடி மூடி! உயிரைக் குடிப்பது மூடியா, பதட்டமா?

தூத்துக்குடி:-

விமானம் வானத்தில் பாய்ந்து கொண்டிருக்கிறது. விமானியின் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடி மூடி "படார்" என்று திறக்கிறது. மறு விநாடி சுக்குநூறாக உடைந்து பறக்கிறது. புயல் போல காற்று முகத்தில் அறைகிறது. கண்ணைத் திறக்க முடியவில்லை. மூச்சு விட முடியவில்லை. கையில் இருப்பதோ ஓடிக் கொண்டிருக்கிற விமானம்!

இது சினிமாக் காட்சி அல்ல. நெதர்லாந்து நாட்டுப் பெண் விமானி நரீன் மெல்கும்ஜானுக்கு நிஜமாக நடந்தது. விமானத்துக்குள் இருந்த கேமராவில் பதிவான இந்தக் காட்சியை 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் அவரே வெளியிட்டார். சம்பவம் நடந்தது அதற்கு சுமார் 2 ஆண்டுகளுக்கு முன்பு. "எக்ஸ்ட்ரா 330 எல்.எக்ஸ்." என்ற சாகச விமானத்தில், வானத்தில் குட்டிக்கரணம் அடிக்கப் பழகும்போது நடந்தது. அது அவருக்கு இரண்டாவது சாகசப் பயிற்சி.

எப்படித் திறந்தது? மூடியின் பூட்டு ஊசி உள்ளே போய் மாட்டவே இல்லை. புறப்படும் முன் அதை நான் கவனிக்கத் தவறி விட்டேன் என்று அவரே ஒப்புக் கொண்டார். கண்ணுக்குக் கவசம் போடாமல் போனதும் தப்பு, கொரோனா வந்த உடம்பு தேறும் முன்பே பறக்கப் போனதும் தப்பு என்றார். பார்வை முழுசாகத் திரும்ப 28 மணி நேரம் ஆயிற்று. ஆனாலும் அவர் விமானத்தை விட்டு விடவில்லை. தட்டுத் தடுமாறி ஓட்டி வந்து பத்திரமாகத் தரையில் இறக்கினார்.

தன் தப்பை ஊரறியச் சொன்ன அந்தப் பெண்ணை சும்மா சொல்லக் கூடாது. நம்ம ஊரில் சைடு ஸ்டாண்டை எடுக்காமல் பைக்கை ஓட்டி விழுந்தவன்கூட "ரோட்டில் பள்ளம்" என்றுதான் சொல்வான்.

நமக்கு என்ன?

வெளிநாட்டுச் சமாச்சாரம் நமக்கு எதற்கு என்று அண்ணாச்சிமார்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

1992-ல் திறக்கப்பட்ட நமது வாகைக்குளம் விமான நிலையத்துக்கு இப்போது புதிய முனையம் வந்து விட்டது. சுமார் 450 கோடி ரூபாய் செலவில் கட்டி, 2025 ஜூலை 26-ந் தேதி பிரதமர் மோடி திறந்து வைத்தார். அது பெரிய விமானங்களின் கதை. பெரிய விமானத்தில் இந்தக் கண்ணாடி மூடி கிடையாது. நாம் கவனிக்க வேண்டியது வடக்கே, கோவில்பட்டிப் பக்கம்.

கோவில்பட்டியில் பழைய விமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அங்கே விமானிப் பயிற்சி நிலையம் கொண்டு வரும் வேலையை மாநில அரசின் டிட்கோ நிறுவனம் 2025-ல் கையில் எடுத்தது. அது நடந்தால் நம் மாவட்டத்து வானத்தில் குட்டி விமானங்கள் காலையும் மாலையும் சுற்றும்.

வர்த்தக விமானி லைசென்சு வாங்க நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒரு பையன் அல்லது பெண் அந்தக் கணக்கை முடிப்பதற்குள் எத்தனையோ தடவை ஓடுதளத்தில் ஓடி மேலே எழும்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூடியைப் பூட்ட வேண்டும். பல லட்சம் ரூபாய் கட்டி, நகையை அடகு வைத்து பிள்ளையை அனுப்பப் போகிற பெற்றோர் நம் ஆட்கள்தான். விமானம் எந்த ரகம், கட்டணம் எத்தனை என்று கேட்பார்கள். மூடியை யார் சரிபார்ப்பது என்று கேட்பார்களா?

சின்ன விமான விபத்து என்றாலே நம் ஜனங்களுக்கு சஞ்சய் காந்தி ஞாபகம்தான் வரும். 1980 ஜூன் 23-ந் தேதி டெல்லியில் "பிட்ஸ்" ரக விமானத்தில் தாழ்வாகப் பறந்து வித்தை காட்டியபோது விழுந்தார். கூடப் போன கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் செத்துப் போனார். அதற்கும் மூடிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஒரு விஷயம் இரண்டுக்கும் பொது. தரைக்குப் பக்கத்தில் தப்பு நடந்தால் திருத்திக் கொள்ள நேரம் கிடையாது.

எத்தனை வகை மூடி?

எல்லாக் குட்டி விமானத்திலும் மூடி இருப்பதில்லை. நம் நாட்டில் ரொம்ப காலமாகப் பழக்கத்தில் இருக்கிற "செஸ்னா" விமானத்துக்கு கார் மாதிரி பக்கத்தில் கதவு. அது சரியாகச் சாத்தாமல் போனாலும் எதிர்க்காற்று அதை ஓரளவு அமுக்கிப் பிடித்துக் கொள்ளும். சத்தம் வரும், காற்று வரும், அவ்வளவுதான்.

தலைக்கு மேலே கண்ணாடிக் கூண்டு மாதிரி மூடி இருக்கிற விமானங்கள் வேறு ஜாதி. கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது தெளிவான பிளாஸ்டிக். கீல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆபத்து.

முன்பக்கம் கீல் இருந்தால் காற்று அதை முழுசாகத் திறக்க விடாது. சில அங்குலம் தூக்கிக் கொண்டு நின்று ஆடும். ஆனால் வாலுக்குப் போகிற காற்று கலங்கிப் போவதால் விமானத்தின் மூக்கு சட்டென்று கீழே இறங்கப் பார்ப்பதும் உண்டு. பக்கவாட்டில் கீல் இருந்தால் ஒரே புரட்டு, நரீனுக்கு ஆனது போல உடைந்து போகும். பின்பக்கம் கீல் இருந்தால் பிய்த்துக் கொண்டு போய் வாலில் அடிக்கலாம். தள்ளித் திறக்கிற மூடியாக இருந்தால் கொஞ்சம் நகர்ந்து நிற்கும், ஓரளவு தப்பிக்கலாம்.

கதவுகளிலும் இந்தத் தொல்லை உண்டு. அமெரிக்காவில் ஆட்கள் வீட்டிலேயே உதிரிபாகம் வாங்கிக் கோர்த்துக் கட்டுகிற விமானங்கள் இருக்கின்றன. அதில் "வேன்ஸ்" கம்பெனியின் ஆர்.வி.10 ரகத்துக்கு மேலே தூக்குகிற கதவு. பூட்டு ஊசி ஓட்டைக்குள் போகாமல் வெளியே நின்றாலும் கைப்பிடி பூட்டின மாதிரியே இருக்கும். அப்படிப் போன கதவுகள் பறக்கும்போது பிய்த்துக் கொண்டு விழுந்தன. அதன் பிறகு கம்பெனி இன்னொரு பாதுகாப்புக் கொக்கியைக் கொண்டு வந்தது.

ஆஸ்திரியா நாட்டு "டைமண்ட்" கம்பெனியின் டி.ஏ.40 விமானத்திலும் பின் கதவு இப்படி பறக்கும்போது திறந்து, சிலது கழன்றே போயிருக்கிறது. காரணம் பல தடவை ஒன்றுதான்: புறப்படும் முன் சரியாகப் பூட்டவில்லை. திறந்தாலும் கதவு பறந்து போகாமல் பிடித்துக் கொள்ளும் கொக்கியை உறுதியாக்கச் சொல்லி விமானப் பாதுகாப்பு அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். இந்த டி.ஏ.40 நமக்கு அந்நியம் அல்ல. உத்தரப்பிரதேசம் பர்சத்கஞ்சில் இருக்கிற மத்திய அரசின் இந்திரா காந்தி விமானப் பயிற்சி அகாடமியில் மாணவர்கள் ஓட்டிப் பழகுகிற விமானம்தான்.

காற்று தள்ளவில்லை, இழுக்கிறது!

இங்கே ஒரு சந்தேகம் வரும். பூட்டாத மூடி நிற்கும்போதே திறந்து கொள்ள வேண்டியதுதானே? ஓடுதளத்துக்கு ஊர்ந்து போகும்போது ஏன் சும்மா இருக்கிறது? மேலே எழும்பிய பிறகு ஏன் திறக்கிறது?

உப்பளக்காரர்களுக்கு இதன் விடை தெரியும். ஆடி மாதக் காற்றில் கொட்டகைக் கூரை எப்படிப் போகிறது? கீழே இருந்து காற்று தள்ளுவது பாதி. மேலே வழுக்கிக் கொண்டு ஓடுகிற காற்று உறிஞ்சி இழுப்பது மீதி. விமான மூடி வளைவாக இருக்கிறது. வளைவின் மேல் காற்று வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. இறக்கையைத் தூக்குகிற அதே சக்தி மூடியையும் தூக்குகிறது.

வேகம் இரண்டு மடங்கானால் இந்த இழுப்பு இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. மணிக்கு 65 கிலோ மீட்டர் வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 20 கிலோ என்று கணக்கு. 130 கிலோ மீட்டர் வேகத்தில் அதுவே சுமார் 80 கிலோ. அதாவது ஒரு ஆள் பாரம். அது முழுசும் மூடியை இழுக்காது என்றாலும் பாதி இழுத்தால் போதாதா? ஒரு கையால் அமுக்கிப் பிடிக்கிற விஷயமா அது?

ஆகவேதான் மூடி தரையில் நல்ல பிள்ளை மாதிரி இருந்து விட்டு, சக்கரம் தரையை விடுகிற நேரம் பார்த்துத் திறக்கிறது. தூரம் குறைவாக ஓடி இருந்தால் பிரேக் போட்டு நிறுத்தி விடலாம். ஓடுதளம் தீர்ந்து போகிற இடத்தில் திறந்தால்?

சில விநாடிகள்

இனிமேல்தான் சாவு வருகிறது. நன்றாகக் கவனிக்க வேண்டிய இடம் இது.

மூடி திறந்ததால் மட்டும் விமானம் விழுந்து விடுவதில்லை. பல விமானங்கள் மூடி திறந்தபடியே ஒரு சுற்று சுற்றி வந்து இறங்கி இருக்கின்றன. "லான்கேர் லெகசி" என்ற வேகமான சின்ன விமானத்தில் இதே கோளாறு பல பேருக்கு வந்தது. சிலர் பத்திரமாக இறங்கினார்கள். சிலர் பிணமாகத்தான் வந்தார்கள். அதே விமானம், அதே மூடி. எந்த வேகத்தில் திறந்தது, காற்று எப்படிக் கலங்கியது என்பதில் வித்தியாசம் உண்டு. ஆனால் பெரிய வித்தியாசம் அடுத்த சில விநாடிகளில் விமானி என்ன செய்தார் என்பது.

குண்டு வெடித்த மாதிரி சத்தம். ஹெட்போன் பறக்கிறது. மூக்குக் கண்ணாடி பறக்கிறது. காகிதமெல்லாம் பறக்கிறது. மனித சுபாவம் என்ன? கை தானாக மூடியைப் பிடிக்கப் போகும். ஓட்டுகிற கை தளரும், அல்லது பயத்தில் கம்பியைப் பின்னால் இழுக்கும். மூக்கு மேலே தூக்கும். வேகம் குறையும். வேகம் குறைந்தால் இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும். விமானிகள் பாஷையில் இதற்கு "ஸ்டால்" என்று பெயர். சில நூறு அடி உயரத்தில் ஒரு பக்க இறக்கை சாய்ந்து விமானம் சுழன்றால் மீட்பதற்கு உயரம் இல்லை. கதை முடிந்தது.

இன்னும் சிலர் உடனே திரும்பி வந்து ஓடுதளத்திலேயே இறங்கி விடலாம் என்று செங்குத்தாகத் திருப்புவார்கள். அதுவும் அதே குழிதான்.

அமெரிக்க அரசின் விமானத் துறை வெளியிடும் பாடப்புத்தகத்தில் கதவு திறந்து கொண்டால் என்ன செய்வது என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். சாரம் இதுதான்: பதறாதே. விமானத்தை ஓட்டு. கதவைத் தொடாதே. அதைப் பிடிக்க சீட் பெல்ட்டை அவிழ்க்காதே. அவசரமாக இறங்கப் பார்க்காதே. வழக்கமான உயரத்துக்குப் போய், வழக்கமாகச் சுற்றி, வழக்கம்போல் இறங்கு. தரையில் நின்ற பிறகு கதவைச் சாத்து.

படிக்க சுலபமாக இருக்கிறது. முகத்தில் சூறாவளி அடிக்கும்போது ஞாபகம் வருமா? பாடப்புத்தகத்தில் படித்தது மட்டும் போதாது. பயிற்சியாளர் பக்கத்தில் இருந்து "இப்போது மூடி திறந்து விட்டது, என்ன செய்வாய்?" என்று திடீர் திடீரென்று கேட்டுப் பழக்கி இருந்தால் வரும்.

வெயில் கொடுமை

பூட்ட மறப்பது எப்படி? படித்த பிள்ளை, பட்டியலை வைத்துக் கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிற பிள்ளை, எப்படி மறக்கும்?

இங்கேதான் நம்ம ஊர் வெயில் வருகிறது. சித்திரை வெயிலில் கோவில்பட்டி கரிசல் காட்டில் நிறுத்தி வைத்த விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்து மூடியைச் சாத்தினால் என்ன ஆகும்? கண்ணாடிக் கூண்டுக்குள் இட்லிதான். அதனால் என்ஜினை ஓட விட்டு, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்துக் கொண்டு ஊர்ந்து போவது வெயில் ஊரில் சகஜம். டி.ஏ.40 போன்ற விமானத்தில் மூடியைக் கொஞ்சமாகத் திறந்து நிறுத்துவதற்கென்றே ஒரு நிலை வைத்திருக்கிறார்கள். காற்று வரட்டும் என்றுதான். ஆனால் புறப்படும் முன் முழுசாகப் பூட்டியே ஆக வேண்டும்.

ஓடுதள முனைக்குப் போய் நிற்கும்போது வயர்லெசில் கூப்பிடுகிறார்கள். பின்னால் இன்னொரு விமானம் காத்திருக்கிறது. பயிற்சியாளர் ஏதோ கேள்வி கேட்கிறார். பட்டியலில் பாதியில் நிறுத்திய இடம் மறந்து போகிறது. "மூடி?" என்று வாய் கேட்கிறது. "பூட்டியாச்சு" என்று வாயே பதில் சொல்கிறது. கை தொட்டுப் பார்க்கவில்லை!

கடையைப் பூட்டி விட்டு வீட்டுக்குப் போகிற வழியில் "பூட்டினோமா?" என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற அண்ணாச்சிகளை எனக்குத் தெரியும். விமானியால் பாதி வழியில் திரும்பி வர முடியாது.

டி.ஏ.40-ல் கதவு சரியாகச் சாத்தாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். நல்ல ஏற்பாடு. ஆனால் விளக்கு எரிவதைப் பார்க்கவும் ஒருத்தர் வேண்டும். பழைய ரக விமானங்களிலும், வீட்டில் கட்டுகிற விமானங்களிலும் அந்த விளக்கே இல்லாதது நிறைய. இன்ஜின் இல்லாமல் மிதக்கும் கிளைடர் விமானக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். பிரிட்டனில் அவர்கள் புறப்படும் முன் சொல்கிற எழுத்து மந்திரத்தில் மூடிக்கென்று தனி எழுத்து உண்டு. அந்த எழுத்தைச் சொல்லும்போது கை மேலே போய்ப் பூட்டைத் தள்ளிப் பார்க்க வேண்டும்.

தடயம் சொல்லும் சாட்சி

போலீஸ் செய்தி எழுதுகிறவனுக்கு இதில் ஒரு ருசி உண்டு. விபத்து விசாரணைக்காரர்கள் செய்வதும் துப்பறிகிற வேலைதான். விமானம் நொறுங்கிக் கிடக்கும். விமானி உயிரோடு இல்லை. மூடி பூட்டி இருந்ததா, இல்லையா? யார் சாட்சி?

கொக்கிதான் சாட்சி. பூட்டின நிலையில் மோதி இருந்தால் கொக்கியும் அதைப் பிடித்த ஓட்டையும் வளைந்து, கிழிந்து போயிருக்கும். கொக்கி மட்டும் புத்தம் புதுசு மாதிரி சேதமில்லாமல் இருந்தால்? மோதும்போது அது பூட்டில் இல்லை. ஓடுதளத்துப் பக்கம் மூடியின் துண்டு கிடந்தால் சந்தேகமே இல்லை.

பிறகு அறிக்கையில் எழுதுவார்கள்: விமானி மூடியைச் சரியாகப் பூட்டத் தவறினார். வழக்கு முடிந்தது. எனக்கு இது மட்டும் ஒப்பவில்லை. திருட்டு நடந்த வீட்டில் "வீட்டுக்காரர் பூட்ட மறந்தார்" என்று எழுதி எந்த ஸ்டேஷனிலும் கேசை மூட முடியுமா? பூட்டாத பூட்டு ஏன் பூட்டின மாதிரி தெரிந்தது? பக்கத்தில் யார் இருந்தார்கள்? வெளியே நின்றவன் பார்த்தானா, பார்த்திருந்தால் ஏன் சொல்லவில்லை?

துறைமுகத்துக்காரர்களுக்குத் தெரிந்த கதை

கப்பல் தொழிலில் இருப்பவர்கள் "ஹெரால்ட் ஆப் ப்ரீ என்டர்பிரைஸ்" கதையைக் கேள்விப்பட்டிருப்பார்கள். 1987 மார்ச் 6-ந் தேதி பெல்ஜியம் நாட்டு சீப்ரக் துறைமுகத்தில் இருந்து கிளம்பிய பயணிகள் கப்பல். கார், லாரி ஏறுவதற்கான முன்கதவு திறந்தே இருந்தது. கதவைச் சாத்த வேண்டிய சிப்பந்தி தன் அறையில் தூங்கிப் போனார். மேலே நின்ற கேப்டனுக்குக் கதவு தெரியாது. சாத்தியதா என்று காட்ட விளக்கு கிடையாது. விளக்கு வேண்டும் என்று முன்பே கேட்டதை கம்பெனி தட்டிக் கழித்திருந்தது. கப்பல் துறைமுக வாசலைத் தாண்டியதும் தண்ணீர் புகுந்து கவிழ்ந்தது. 193 பேர் சாவு!

விமானத்திலும் அப்படி ஒன்று. 1974 மார்ச் 3-ந் தேதி பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் இருந்து லண்டனுக்குக் கிளம்பிய துருக்கி நாட்டு டி.சி.10 விமானம். பின்பக்கச் சரக்குக் கதவு. கைப்பிடி இறங்கி விட்டது. பூட்டின மாதிரிதான் இருந்தது. உள்ளே ஊசிகள் மாட்டவில்லை. மேலே போனதும் கதவு பிய்த்துக் கொண்டது. காட்டில் விழுந்து 346 பேரும் பலி. 1972-லேயே கனடாவில் இதே ரக விமானத்தில் இதே கதவு திறந்து கொண்டு, எல்லோரும் தப்பித்திருந்தார்கள். அப்போதே முழுசாகத் திருத்தி இருக்கலாம்.

அந்தப் பாரிஸ் சம்பவத்தில் கதவைச் சாத்திய தொழிலாளி விவரமானவர், பல மொழி தெரிந்தவர். ஆனால் கதவில் ஒட்டி இருந்த எச்சரிக்கை ஆங்கிலத்திலும் துருக்கி மொழியிலும் இருந்தது. அந்த இரண்டும் அவருக்குப் படிக்கத் தெரியாது. ஊசி மாட்டியதா என்று பார்க்க ஒரு சின்ன ஜன்னல் கதவிலேயே இருந்தது. அன்றைக்கு அதில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

இது நமக்கு ரொம்பப் பக்கத்து விஷயம். பயிற்சி நிலையம் வந்தால் விமானத்தைத் தள்ளுவதும், துடைப்பதும், கட்டையைச் சக்கரத்துக்கு வைத்து எடுப்பதும் யார்? சுற்று வட்டார கிராமத்துப் பையன்கள்தான். மூடி தூக்கிக் கொண்டு நிற்பது உள்ளே இருப்பவர்களைவிட வெளியே நிற்கிற அவன் கண்ணுக்கு முதலில் படலாம். சில மூடிகளில் கொஞ்சம் இடைவெளி இருந்தால் பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கு பளிச்சென்று தெரியும்.

தெரிந்தால் சொல்வானா? "சார்" ஓட்டுகிற விமானத்தை நிறுத்தச் சொல்ல தினக்கூலிக்கு வந்த பையனுக்கு தைரியம் வருமா? எச்சரிக்கை வாசகம் என்ன மொழியில் எழுதி இருக்கும்?

யார் கையில் விசில்?

ரோட்டில் ஸ்டாண்டு எடுக்காமல் ஒருத்தர் பைக் ஓட்டினால் போகிறவன் வருகிறவன் எல்லாம் "அண்ணே, ஸ்டாண்டு!" என்று கத்துகிறான். முன்பின் தெரியாதவன் கத்துகிறான். யாரும் கோபித்துக் கொள்வது இல்லை. திருச்செந்தூர் பஸ்சில் கண்டக்டர் விசில் அடிக்காமல் டிரைவர் வண்டியை எடுப்பது இல்லை. டிரைவர் வயசில் மூத்தவராக இருக்கலாம், சர்வீஸ் அதிகம் இருக்கலாம். விசில் கண்டக்டர் கையில்தான்.

நம் கடலில் சங்கு குளிக்கப் போகிறவர்களும் முத்துக் குளித்தவர்களும் படகில் கயிறு பிடிக்க மச்சானை நிறுத்துவார்கள் என்று சொல்வார்கள். தங்கச்சி தாலிக்காகவாவது அவன் கயிற்றை விட மாட்டான் என்ற கணக்கு. கீழே போகிறவன் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் மேலே ஒருத்தன் பார்த்துக் கொண்டிருக்க வேண்டும். முத்துக் குளிப்பு 1961-க்குப் பிறகு நின்று போனது. சங்குகுளி நிற்கவில்லை.

ஆகவே நம் கேள்வி டிட்கோவுக்கும், பயிற்சி நிலையத்தை நடத்த வருகிற கம்பெனிக்கும், கடைசியில் அனுமதி கொடுக்கப் போகிற விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கும்.

மூடி வைத்த விமானம் வாங்கினால் கதவு எச்சரிக்கை விளக்கோடு காதில் விழுகிற மணியும் இருக்குமா? மாணவர் தனியாகப் பறக்கிற நாட்களில், பக்கத்து சீட்டில் பயிற்சியாளர் இல்லாதபோது, மூடியை இன்னொரு கை தொட்டுப் பார்க்குமா? நல்ல வெயில் நேரத்தில் ஓடுதள முனையில் விமானங்கள் வரிசையாக நின்று வேகாதபடி பறக்கிற நேரத்தைக் காலையிலும் சாயங்காலத்திலும் வைப்பார்களா? எச்சரிக்கை வாசகத்தைத் தமிழிலும் எழுதுவார்களா?

எல்லாவற்றுக்கும் மேலே, ஓடுதள ஓரத்தில் நிற்கப் போகிற நாலாட்டின்புத்தூர்ப் பையனோ கழுகுமலைப் பையனோ, மூடி தூக்கி இருப்பதைப் பார்த்தால் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கே வைத்து விமானத்தை நிறுத்தலாம், பார்த்தது தப்பாகவே இருந்தாலும் அதற்காக அவன் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பார்களா? அதற்கு ஒரு பைசா செலவு இல்லை.